அசதியா, மதிப்பின்மையா? வேலையில் கை தளர்வதன் பின்னணி

வட சென்னையில் வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு, "குடுக்கிற சம்பளத்துக்கு இது போதும்" என்பது. அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் சோம்பேறி அல்லர். நேற்றுவரை வேலையை இழுத்துப்போட்டுச் செய்தவர். லீவு போட்டவரின் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் வந்தாலும் எடுத்துப் பதில் சொன்னவர். ஏதோ ஒரு கட்டத்தில் அவருக்குக் கை தளர்ந்துபோகிறது. நேரம் முடிந்ததும் கிளம்புகிறார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், தானாக எதையும் முன்வந்து செய்வதில்லை. ஆனால் வேலையை விடுவதுமில்லை. வீட்டுப் பெரியவர்கள் இதைப் பொறுப்பின்மை என்கிறார்கள், கூட்டாளிகள் இப்போதுதான் புத்தி வந்தது என்கிறார்கள். இரண்டு தீர்ப்புமே அவசரத்தில் சொல்லப்படுபவை. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும் இந்த நடத்தைக்கு அடியில் இரண்டு வேறு காரணங்கள் இருக்கின்றன. உடலும் மனமும் ஓய்ந்துபோவது ஒன்று. செய்த வேலைக்கு மதிப்பில்லை என்று தெரிந்துபோவது மற்றொன்று. உழைப்பைக் குறைத்துக்கொள்வது முதலாவதற்குச் சில நிபந்தனைகளோடு மருந்தாகும். இரண்டாவதற்கு அது ஆறுதல் தருமே தவிரத் தீர்வு தராது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கையைத் தளர்த்துபவர் பல நேரங்களில் தமக்கே தீங்கு செய்துகொள்கிறார் என்பதால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

2021இல் சீன இளைஞர்களிடையே, ஓடி ஓடி உழைப்பதை நிறுத்திவிட்டுப் 'படுத்துக்கிடப்பது' என்ற போக்கு பேசப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்காவில் டிக்டாக் வழியாக 'குவயட் குவிட்டிங்' (வேலையை விடாமலே சத்தமின்றி ஒதுங்கிக்கொள்வது) என்ற பெயர் பரவி, அங்கிருந்து நம் ஊர் அலுவலகங்களுக்கும் வந்துசேர்ந்தது. பெயர்தான் புதியது. உழைப்பின் அளவைக் குறைத்து முதலாளிக்குச் சேதி சொல்லும் வழக்கத்தைத் தொழிற்சங்க வரலாறு நெடுங்காலமாக அறியும், இந்தியாவில் அந்த வரலாற்றின் தொடக்கப் பக்கங்கள் இதே வட சென்னையில் எழுதப்பட்டவை.

பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் பின்னி மில் என்று மக்கள் அழைத்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று உருவாக்கிய அச்சங்கத்துக்குப் பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவரானார். அன்றைய தொழிலாளர்கள் எழுப்பிய முதல் குறைகளில் மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதும் ஒன்று. கூலி உயர்வுக்கு இணையாகச் சாப்பாட்டு நேரம் பேசப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தால், உழைப்பின் அளவு என்பது அப்போதே பேரத்துக்குரிய ஒன்றாக இருந்தது விளங்கும். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1921இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

வேலையை அடியோடு நிறுத்துவதற்கும் முழு மூச்சாகச் செய்வதற்கும் நடுவே சங்கங்கள் இரண்டு முறைகளைக் கையாண்டு வந்திருக்கின்றன. விதிப் புத்தகத்தில் உள்ளதை ஓர் எழுத்துக்கூட மிஞ்சாமல் செய்யும் விதிப்படி வேலை ஒன்று. வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கும் மந்த வேலை இன்னொன்று. முதலாவது, ஊழியர் தினமும் விதிக்கு மேலே எவ்வளவு செய்கிறார் என்பதை நிர்வாகத்துக்குக் காட்டிவிடும். இரண்டாவதைச் சட்டம் கடுமையாகவே பார்த்தது. 1961இல் பாரத் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் மந்த வேலையை மிகக் கேடான வழக்கங்களில் ஒன்று என்றது. தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை அதைத் தொழிலாளர் தரப்பின் நேர்மையற்ற தொழில் நடவடிக்கைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் அதைத் தொடர்கிறது. ஆக, ஒப்புக்கொண்ட வேலையைத் திட்டமிட்டுக் குறைப்பதற்கும், ஒப்புக்கொள்ளாத கூடுதல் வேலையை மறுப்பதற்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வேறுபாடு உண்டு. இன்று கையைத் தளர்த்துபவர்களில் பலர் இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

பழைய முறைக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது என்பது என் எண்ணம். அன்று வேலையைக் குறைத்தவர்கள் கூட்டாகக் குறைத்தார்கள், சொல்லிவிட்டுக் குறைத்தார்கள், கோரிக்கை ஒன்றை முன்வைத்துக் குறைத்தார்கள். கோரிக்கை நிறைவேறினால் பழையபடி வேலை நடக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். இன்று ஒருவர் தனியாகக் குறைக்கிறார், யாரிடமும் சொல்லாமல் குறைக்கிறார், எது கிடைத்தால் மீண்டும் மனம் வைத்துச் செய்வார் என்பது அவருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. 1996இல் பின்னி மில் மூடப்பட்டது. நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த வேலை பெருகியதும், ஐந்தாறு பேர் மட்டும் வேலை பார்க்கும் சிறு அலுவலகங்களும் கடைகளும் கூடியதும் சேர்ந்து, குறையைச் சொல்லும் இடத்தையே இல்லாமல் ஆக்கின. சொல்ல இடமில்லாதபோது குறை நடத்தையில் வெளிப்படுகிறது.

இனி அசதியை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க உழைத்த களைப்பு ஒரு தூக்கத்தில் தீரும்; இங்கே பேசுவது தூங்கி எழுந்தாலும் தீராத அசதியை. அமெரிக்க உளவியலர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். பின்னர் உளவியலர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளக்கும் வினாத்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனது நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. அதன்படி இது நோயல்ல, பணி சார்ந்து உண்டாகும் ஒரு நிலை. நெடுநாள் கவனிக்கப்படாமல் விடப்பட்ட பணியழுத்தத்தின் விளைவு. அதற்கு மூன்று முகங்கள் உண்டு: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன் திறமையின் மேலேயே நம்பிக்கை குறைதல்.

இந்த மூன்றும் ஒருவரிடம் எப்படி வந்துசேரும் என்பதைப் பாரிமுனைப் பக்கத்துச் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ஆவணங்கள் பார்க்கும் இளைஞரின் மேசையில் இன்வாய்ஸ் ஒரு பக்கம், பேக்கிங் லிஸ்ட் ஒரு பக்கம். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டு, ஒவ்வொரு சரக்குக்கும் 8 இலக்கச் சுங்க வகைப்பாட்டு எண்ணைப் போட்டு, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் வரி மாறும், சரக்கு நிற்கும், கன்டெய்னர் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். கூட வேலை செய்தவர் நின்றுவிட்டார். "ஒரு மாசம் பாத்துக்கப்பா, ஆள் போட்டுடலாம்" என்றார் முதலாளி. ஆள் போடவில்லை, இரண்டு பேர் வேலை ஒருவர் தலையில் நிலைத்துவிட்டது. இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் கன்டெய்னர் எண்ணைப் போட்டு, அதன் கீழே கேள்விக்குறிகளாக அனுப்புகிறார்கள். சில மாதங்களில் அவர் ஒரே வரியை மூன்றாம் முறை படித்தும் மனத்தில் பதியாமல் உட்கார்ந்திருக்கிறார். இது முதல் முகம். இறக்குமதியாளர் பதறிப் பேசும்போது, 'யார் சரக்கு எக்கேடு கெட்டால் எனக்கென்ன' என்று உள்ளுக்குள் தோன்றுகிறது, இது இரண்டாவது. கொஞ்ச காலம் கழித்து, 'எனக்கு இந்த வேலையே சரிப்பட்டு வரவில்லையோ' என்ற எண்ணம் வருகிறது. ஒரு காலத்தில் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் சரக்கைச் சொன்னவர் அவர்.

இவர் உழைப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா என்றால், கட்டாயம் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய இறப்புகள் உலகெங்கும் சுமார் 7,45,000 என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் 'இளம் வயதில் உழைக்காமல் எப்போது உழைப்பது' என்று அந்த இளைஞருக்கு அறிவுரை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் எதைக் குறைப்பது என்பதில்தான் சிக்கல். அசந்துபோன மனிதர் முதலில் கைவிடுவது கண்ணுக்குத் தெரியாத வேலையை. வாட்ஸ்அப்பில் பதில் போடாவிட்டால் உடனே கேட்பார்கள், அதனால் அதை நிறுத்த முடிவதில்லை. இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்ட்டையும் இரண்டாம் முறை ஒப்பிடாமல் விட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே சரிபார்ப்பு குறைகிறது, பிழை கூடுகிறது, பிழையைத் திருத்தும் வேலை புதிதாகச் சேருகிறது. இறுதியில் சுமை குறையாமல் திறமையின் மீதான சந்தேகம் மட்டும் வளர்கிறது. அந்த இளைஞர் குறைக்க வேண்டியது இரவு நேரத்து வாட்ஸ்அப்பை, தன்னுடையதல்லாத இரண்டாமவரின் கோப்புகளை. காக்க வேண்டியது 8 இலக்கத்தைச் சரிபார்க்கும் கவனத்தை. நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சுமையின் அளவும் அதன் மேல் நமக்கிருக்கும் பிடியும் சேர்ந்தே பணியழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவுசெய்யும் உரிமை கொஞ்சம் கிடைத்தாலே அதே சுமை தாங்கக்கூடியதாகும். அந்த உரிமையைக் கேட்டுத்தான் பெற முடியும், சொல்லாமல் கையைத் தளர்த்திப் பெற முடியாது.

மதிப்பின்மை வேறு வகை. அதில் ஒருவர் களைத்துப் போயிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, உடம்பில் தெம்போடு வேலைக்கு வந்து, மனம் வைக்காமல் வேலை செய்கிறவரைப் பார்க்கலாம். ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலர் 1963இல் இதற்கு ஓர் எளிய விளக்கம் சொன்னார். நாம் போடுவதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தைப் பக்கத்தில் இருப்பவரின் விகிதத்தோடு ஒப்பிடுகிறோம். நம்முடையது குறைவென்று தெரிந்தால், பெறுவதைக் கூட்ட வழியில்லாதபோது போடுவதைக் குறைத்துச் சமன்செய்கிறோம். சமூகவியலர் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் இதை உடல்நலத்தோடு இணைத்தார். பெறுவது என்பதில் பணம் ஒரு பகுதி. மரியாதை ஒரு பகுதி. வேலைக்கு உத்தரவாதமும் முன்னேற வழியும் மூன்றாவது பகுதி. கூடுதலாகப் போட்டுக் குறைவாகப் பெறும் நிலை நீண்டுகொண்டே போனால் அது உடலையும் தாக்கும் என்பது அவர் வாதம்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி வரையிலும், பிறகு முகூர்த்த நாட்களிலும் அங்கே நிற்க இடமிருக்காது. புடவைப் பகுதியில் இருக்கும் பெண் ஒரு வாடிக்கையாளருக்கு இருபது முப்பது புடவைகளைப் பிரித்துக் காட்டுகிறார். முந்தானையை விரித்து, கரையைத் தன் தோளில் போட்டுக் காட்டி, "இதே கலர்ல கரை சின்னதா இருக்கு, பாக்கறீங்களாக்கா?" என்று அடுத்ததை எடுக்கிறார். வந்தவர் கல்யாணத்துக்கு எடுக்கிறாரா, வளைகாப்புக்கா, யாருக்கோ வைத்துக்கொடுக்கவா என்பதை இரண்டு கேள்வியில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அடுக்கில் கை வைக்கும் திறமை அவருக்கு வருஷக்கணக்கில் வந்தது. இரவு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகுதான் மடிக்கும் வேலை ஆரம்பிக்கிறது. பிரித்த புடவைகள் அத்தனையையும் பழைய மடிப்பு பிசகாமல் மடித்து, விலைச்சீட்டு வெளியே தெரியும்படி அடுக்கில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதற்கு அரை மணி நேரமாவது ஆகிறது. அந்த அரை மணி நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

அதைக் கணக்கில் கொண்டுவந்து பார்ப்போம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்து, மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது. 8 மணி நேரம் முடிந்த பின்பு அரை மணி நேரம் மடிப்பு வேலை என்றால் மாதத்தில் 26 வேலை நாளுக்கு 13 மணி. இரட்டிப்புக் கூலியில் அது 26 மணி நேரக் கூலிக்குச் சமம். ஆண்டுக்கு 312 மணி நேரம், அதாவது 39 நாள் கூலி. ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகையை அந்தப் பெண் ஒவ்வொரு வருடமும் முதலாளிக்கு விட்டுக்கொடுக்கிறார், அது விட்டுக்கொடுத்தது என்றுகூட யாரும் எண்ணுவதில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அதே சட்டத்தில் 2021இல்தான் திருத்தம் வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். உட்காரும் உரிமைக்கே சட்டத்திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த, முதலாளிக்கு உறவான ஒருவருக்குத் தன்னைவிடக் கூடுதல் சம்பளம் என்று தெரியவரும் நாளில் அந்தப் பெண்ணின் கை தளர்கிறது. ஆறாவது புடவையோடு நிறுத்திக்கொள்கிறார். "இவ்ளோதான் இருக்குக்கா" என்கிறார். அவர் பக்கத்து நியாயம் எனக்கு முழுவதும் விளங்குகிறது. ஆனால் அவர் எதைக் குறைத்திருக்கிறார் என்று பாருங்கள். கூலி இல்லாத மடிப்பு வேலையை அவர் குறைக்கவில்லை. அதைச் செய்யாமல் வெளியே வர முடியாது. குறைத்தது, தனக்குப் பெருமை தந்த ஒரே பகுதியை. மனிதரைப் பார்த்துப் புடவை எடுக்கும் அந்தத் திறமைதான் நாளைக்கு வேறு கடையில் கூடுதல் சம்பளம் கேட்க அவர் கையிலிருக்கும் சொத்து. விற்பனையை வைத்து இன்சென்டிவ் தருகிற கடையாக இருந்தால் அந்தப் பணமும் போகிறது. முதலாளிக்குச் சென்று சேரும் சேதியோ, 'எனக்கு அநியாயம் நடந்தது' என்பதல்ல. 'இந்தப் பெண் முன்பு போல இல்லை' என்பது. காரணம் மறைந்து, குற்றம் மட்டும் தெரியவருகிறது. மதிப்பின்மைக்கு மௌனமான தளர்வு தீர்வாகாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒப்பீட்டுக் கணக்கு அவர் மனத்துக்குள் சமனாகிவிடும், ஆனால் வெளியில் எதுவும் மாறியிருக்காது.

வேலையை விட்டுவிட்டுப் போகலாமே என்று எளிதில் கேட்டுவிடலாம். நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் பணிக்கொடை. நான்காம் ஆண்டில் இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவே பார்ப்பார். வட்டிக்கு வாங்கிய கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கொருக்குப்பேட்டையிலிருந்து நடந்தே போய்வர முடிகிற தூரம் என்று ஒவ்வொன்றும் ஒருவரை அதே இடத்தில் நிறுத்தும். விட்டுப் போகவும் முடியாது, வாய் திறந்து கேட்கவும் முடியாது என்னும் இடத்தில்தான் கை தளர்கிறது. அதை ஒழுக்கக் குறையாகப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு வாசல்களும் ஏன் அடைபட்டன என்று பார்க்க மறுக்கிறார்கள்.

தளர்த்தும் வாய்ப்பே இல்லாதவர்களும் இந்தப் பகுதியில் ஏராளம். டன் கணக்கில் கூலி வாங்கும் சுமை தூக்குபவர், நடைக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டும் டிரெய்லர் ஓட்டுநர், ஆர்டருக்கு இவ்வளவு என்று பெறும் உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஆகியோருக்கு உழைப்பைக் குறைப்பதும் வருமானத்தைக் குறைப்பதும் ஒன்றே. மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை வேறு மாதிரி. அவருக்குச் சம்பளம் தரும் காண்ட்ராக்டர் ஒருவர், வேலை வாங்கும் நிர்வாகம் இன்னொன்று. கேட் பாஸ் புதுப்பிக்கப்படாமல் போனால் யாரும் அவரை நீக்கினார்கள் என்று எழுத்தில் இருக்காது. அடுத்த ஷிப்டுக்கு மாற்றிவிடும் ஆள் (ரிலீவர்) வரவில்லை என்றால் அந்த ஷிப்டையும் சேர்த்து டபுள் பார்க்கச் சொல்வார்கள், மறுப்பவரை நினைவில் வைத்துக்கொள்வார்கள். பெரிய ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி எட்டு மணி நேரம் முடிந்ததும் கிளம்புவதன் பின்னால் ஒப்பந்தத் தொழிலாளி பதினாறு மணி நேரம் நிற்பது நடக்கக்கூடும் என்பதால், ஒருவர் குறைத்துக்கொண்ட உழைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. பெரும்பாலும் அது தனக்குக் கீழே இருப்பவர் மேல் விழுகிறது. துணிக்கடையில் எடுபிடிப் பையன் மேல், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் மேல்.

ரசாயனமும் எரிவாயுவும் கையாளும் இடங்களில் இதற்கு இன்னொரு கோணம் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அது குழாயில் ஏற்பட்ட சேதத்தால் நேர்ந்தது. ஆனால் அப்படிப்பட்ட ஊரில் வாழ்பவர்களுக்கு, பதினாறாவது மணி நேரத்தில் அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலாளியின் விழிப்பு என்பது தங்கள் உயிரோடு தொடர்புடைய செய்தி. அங்கே கவனத்தைக் குறைத்துக்கொள்வது யாருக்கும் உரிய தெரிவல்ல; ஆகவே நேரத்தைக் குறைப்பது நிர்வாகத்தின் கடமையாகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பையும் மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலியையும் வகுத்தது. இரட்டிப்புக் கூலி 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டதை இங்கு பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நூறாண்டுக்கு முன்பு, 1923இல், இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார்.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் ஓய்வாகக் கிடைப்பதில்லை. தண்ணீர் பிடிப்பதிலும் இரவுச் சமையலிலும் கரைந்துவிடுகிறது. வேலையிடத்து அசதிக்கு மருந்தாகச் சொல்லப்படும் எந்த யோசனையும் வீட்டுக்குள் இந்தக் கணக்கு மாறாதவரை அவருக்குப் பாதிதான் பயன்படும்.

அசதிக்கும் மனச்சோர்வு நோய்க்கும் உள்ள வேறுபாட்டையும் மனத்தில் வைக்க வேண்டும். வேலையை நினைத்தால் மட்டும் கசப்பு வருகிறது, பிள்ளையோடு விளையாடும்போதும் கேரம் போர்டு முன்னால் உட்காரும்போதும் மனம் தெளிகிறது என்றால் அது வேலை சார்ந்தது. எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுக்கிடக்கின்றன, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால் வேலையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள், தகுதிக் காலத்தை நிறைவுசெய்திருந்தால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு கூலியோடு நோய்க்கால உதவி பெறலாம். வட சென்னைக்காரர்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தத்தைப் பார்த்துவிட்டு, இந்த உதவி ஒன்று இருப்பதையே அறியாமல் வேலை செய்கிறவர்கள் பலர்.

உழைப்பைக் குறைக்க முடிவெடுத்தவர் முதலில் செய்ய வேண்டியது ஒரு வாரம் தன் வேலையை எழுதிவைப்பது. எப்போது வந்தோம், எப்போது கிளம்பினோம், என்னென்ன செய்தோம், அதில் எது நம்முடையது, எது நின்றுபோனவருடையது என்று எழுதிப் பார்த்தால், குறைப்பதற்கு உரியது எது என்பது அநேகமாகத் தானாகத் தெரிந்துவிடும். கூலியில்லாத கூடுதல் வேலையைத் திருப்பித் தருவதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. ஒப்புக்கொண்ட வேலையின் தரத்தில் கை வைப்பது வேறு. அது சட்டத்திலும் நம்மைப் பலவீனப்படுத்தும், தொழிலிலும் நம் கையைத் துருப்பிடிக்க வைக்கும். அடுத்தது, முதலாளியிடம் பேசும் பேச்சு. "என்னால முடியலீங்க" என்று மட்டும் சொன்னால் அது நம் குறையாகிவிடும். "ரெண்டு பேர் வேலை எட்டு மாசமா என்கிட்ட இருக்குதுங்க; ராத்திரி எட்டு மணிக்கு மேல போன் எடுக்க மாட்டேன்; எந்த பார்ட்டி ஃபைல முதல்ல முடிக்கணும், எத நாளைக்கு வெச்சுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றால் முடிவெடுக்கும் பொறுப்பு அவரிடம் போகிறது. மதிப்பின்மைதான் குறை என்றால் அதையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். மூன்று வருடமாக ஏறாத சம்பளம், தன் யோசனையை வேறொருவர் பெயரில் சொன்னது, வாடிக்கையாளர் முன்னால் திட்டியது என்று குறிப்பாகச் சொல்லும் குறைக்குத்தான் குறிப்பான பதில் கிடைக்கும். சங்கம் இல்லாத கடையிலும்கூட மடிப்பு வேலைக்குக் கூலி வேண்டும் என்று நான்கு பெண்கள் சேர்ந்து கேட்பதற்கும், ஒருவர் ஆறாவது புடவையோடு நிறுத்திக்கொள்வதற்கும் விளைவில் பெரிய வேறுபாடு இருக்கும்.

முதலாளிமார் தரப்பில் கவனிக்க வேண்டியதும் உண்டு. தானாக முன்வந்து செய்துகொண்டிருந்த ஊழியர் திடீரென்று அளவோடு நடந்துகொள்ளத் தொடங்கினால், அவரைக் கண்காணிக்கக் கேமரா மாட்டுவதும் வருகைப் பதிவை இறுக்குவதும் கைவசம் இருக்கும் எளிய வழிகள். அவை நேரத்தைப் பிடித்துவைக்கும், மனத்தைப் பிடித்துவைக்கா. கடந்த ஓராண்டில் அந்த ஊழியரின் வேலை எவ்வளவு கூடியது, சம்பளம் எவ்வளவு கூடியது, நின்றுபோனவர் இடத்துக்கு ஆள் போட்டோமா என்று தன் கணக்குப் புத்தகத்தையே திறந்து பார்ப்பது அதைவிடச் செலவு குறைந்த வழி. ஆள் போட முடியாத நெருக்கடி உண்மையிலேயே இருந்தால் அதைச் சொல்லி, எத்தனை மாதத்துக்கு என்று கெடு வைத்து, அதுவரை கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் தரலாம். ஊழியர்கள் நெருக்கடியைப் புரிந்துகொள்ளாதவர்கள் அல்லர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் ஊரடங்குக் காலத்திலும் சம்பளத்தை எண்ணாமல் கடைகளையும் கிடங்குகளையும் கட்டிக்காத்தவர்கள் இவர்கள்தான். அப்போது தாங்களாகவே முன்வந்து செய்ததை, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாதமும் அவர்களிடமிருந்து கணக்கில்லாமல் வாங்கிக்கொள்ள முடியாது.